இரண்டடி அகல மரத்துண்டை இடுப்பு பிடிக்காமல் உடைப்பது எப்படி?

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொல்லையில் நின்ற வாகை மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. பவர் சா வைத்திருப்பவர் வந்து ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரே சீராக அறுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடிமரத் துண்டு மட்டும் 14. ஒவ்வொன்றும் குறுக்கே இரண்டடி. தம்பி ஒவ்வொன்றையும் தூக்கி ஒரு பழைய அடிக்கட்டை மேல் நிறுத்தி, நடுவில் கோடாலியைப் போட்டிருக்கிறார். கோடாலி மாட்டிக்கொள்ள, ஆட்டி ஆட்டிப் பிடுங்கியிருக்கிறார். மூன்றாவது துண்டு முடிவதற்குள் இடுப்பு பிடித்து நான்கு நாள் படுக்கை. வயது 43. 'மீதி 11 துண்டுக்கும் ஆள் தேட வேண்டியதுதானா, நானே உடைக்க வழி இருக்கிறதா?' என்பது கேள்வி.

வழி இருக்கிறது தம்பி. எனக்கு 61 வயது. பட்டுக்கோட்டையில் அப்பா விறகுவாடி வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாடியில்தான் கிடப்பேன். பிறகு 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டபோது, எங்கள் தெருவில் மட்டும் மா, பலா, வாகை, தூங்குமூஞ்சி என்று வழியெல்லாம் மரம். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. அடுத்த ஆறேழு மாதம் அந்த மரங்களோடுதான் என் காலை கழிந்தது. இடுப்பு இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. என் உடம்பு இரும்பு என்று இதைச் சொல்லவில்லை. வாடியில் உடைத்த பெரியவர்கள் எப்படி உடைத்தார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் இடுப்பு பிடித்தது கோடாலி வீசியதால் இல்லை. தூக்கியதாலும், குனிந்ததாலும், மாட்டிய கோடாலியைப் பிடுங்கியதாலும்தான். இந்த மூன்றையும் விட்டுவிட்டால் வெட்டு மட்டும்தான் மிச்சம். அந்த வெட்டை 43 வயது உடம்பு தாராளமாகத் தாங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குறுக்கே இரண்டடி, உயரம் ஒன்றரை அடி என்றால் சுமார் 0.13 கன மீட்டர். வெட்டி அதிக நாள் ஆகாத ஈரமரம் கிட்டத்தட்ட தண்ணீரின் எடை இருக்கும். ஒரு துண்டு 120, 130 கிலோ வரும். இரண்டு சிமெண்டு மூட்டைக்கும் மேல். அதைக் கட்டிப் பிடித்துத் தூக்கி நீங்கள் அடிக்கட்டை மேல் வைத்திருக்கிறீர்கள்! அதுவும் பிடி கிடைக்காத உருண்டையை, உடம்பை விட்டு எட்ட வைத்துக்கொண்டு.

எட்ட வைத்துத் தூக்குவதுதான் ஆபத்து. முதுகெலும்பை நிமிர்த்தும் தசை, எலும்பின் நடுவிலிருந்து ஏறக்குறைய இரண்டு அங்குலம் தள்ளித்தான் இருக்கிறது. நீங்கள் குனிந்து கையை நீட்டிப் பிடிக்கும் சுமையோ 20 அங்குலம் தள்ளி இருக்கிறது. பத்து மடங்கு. கையில் 20 கிலோ இருந்தால் முதுகுத் தசை 200 கிலோவுக்கு இழுக்க வேண்டும். உங்கள் தலை, தோள், நெஞ்சு எல்லாம் முன்னால் தொங்குகிறதே, அந்தப் பாரம் இந்தக் கணக்கில் சேரவில்லை. இத்தனையும் போய் அமுக்குவது இடுப்பின் கடைசி இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டுகளை. அதோடு உடம்பைத் திருப்பவும் செய்தால் வட்டின் ஓரம் முறுக்கிக்கொள்ளும். தூக்கிய துண்டைப் பக்கவாட்டில் திரும்பி வைத்தீர்கள் அல்லவா, சொல்லிவைத்தாற்போல் அங்கேதான் பிடித்திருக்கும்.

ஆகவே முதல் வேலை, துண்டு எங்கே கிடக்கிறதோ அங்கேயே உடைப்பது. பெரிய துண்டுக்கு அடிக்கட்டை வேண்டாம். அதுவே ஒன்றரை அடி உயரம் இருக்கிறது, கிட்டத்தட்ட முழங்கால் மட்டம். அதன் கீழ் இன்னொரு கட்டையை வைத்தால் வெட்டு விழும் இடம் தொடைக்கு மேல் வந்துவிடும். கோடாலி இறங்கும் தூரம் குறையும், அடியில் வேகம் இருக்காது. தூக்கியது வீண், தூக்கியதால் வெட்டும் கெட்டது.

படுத்துக் கிடக்கும் துண்டை நிமிர்த்தவும் இடம் மாற்றவும் கடப்பாரை இருக்கிறது. ஐந்தடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து அரையடி தள்ளி ஒரு செங்கல்லையோ மரக்கட்டையையோ முட்டுக் கொடுங்கள். மறுபக்கம் நாலரை அடி இருக்கும், ஒன்பது மடங்கு. 120 கிலோ துண்டின் ஒரு ஓரத்தைக் கிளப்பப் பாதி எடையைத் தூக்கினால் போதும், 60 கிலோ. ஒன்பதால் வகுத்தால் ஏழு கிலோகூட இல்லை. தண்ணீர்க் குடம் கனம்கூட வராது. இடுப்புக்கு எதிராக வேலை செய்த அதே நெம்புகோல்தான் இங்கே உங்களுக்காக வேலை செய்கிறது. கொஞ்சம் கிளம்பியதும் அடியில் ஒரு சிம்பைச் செருகுங்கள். மறுபடி நெம்புங்கள், இன்னும் கனமான சிம்பைச் செருகுங்கள். நாலு நெம்பில் துண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். உருட்ட வேண்டியிருந்தால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு உருட்டுங்கள். கையால் தள்ளாமல் முதுகைத் துண்டின் மேல் சாய்த்து, காலை ஊன்றித் தள்ளலாம். தொடைக்கு இருக்கிற பலம் இடுப்புக்குக் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் கொல்லையில் கிடந்த துண்டு என்றால் அடியில் யார் குடியிருக்கிறார் என்று தெரியாது. தேள், பூரான் நிச்சயம் இருக்கும். எங்கள் பக்கத்தில் கட்டுவிரியனும் பார்த்திருக்கிறேன். கையை விட்டுத் தூக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். கடப்பாரையால் கிளப்பி, எட்ட நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கிட்டே போங்கள்.

துண்டு உட்காரும் தரை கெட்டியாக இருக்க வேண்டும். உழுத மண், மழை ஊறிய மண் என்றால் அடியின் வேகத்தில் பாதியை மண்ணே வாங்கிக்கொள்ளும். நீங்கள் இரண்டு மடங்கு அடிக்க வேண்டியிருக்கும். நெம்பும்போதே அடியில் இரண்டு பலகையைத் தள்ளிவிடுங்கள். கோடாலி தவறிக் கீழே போனாலும் கல்லில் படாது.

இனி, உடைப்பது. இங்கேதான் நீங்கள் செய்த பெரிய தவறு இருக்கிறது. நடுவில் போட்டீர்கள்.

வாகை எந்த மாதிரி மரம் என்று யோசியுங்கள். மரச்செக்குக்கு நம் ஊரில் தேடிப் போவது வாகையை. கறிக்கடையில் கொத்தும் கட்டை புளி. இரண்டும் அந்த வேலைக்குப் போனதே அடித்தாலும் இடித்தாலும் சுலபத்தில் விரியாது என்பதால்தான். இந்த மரங்களில் நார் நேராக ஓடாது. ஓர் அடுக்கில் நார் இடப்பக்கம் சாய்ந்து ஏறும், அடுத்த அடுக்கில் வலப்பக்கம் சாய்ந்து ஏறும். விரலோடு விரல் கோத்த மாதிரி. தூங்குமூஞ்சியும் அப்படி, வேம்பும் ஓரளவு அப்படி. நடுவில் போட்டால் அந்த விரிசல் எல்லா அடுக்குகளையும் குறுக்கே அறுத்துக்கொண்டு போக வேண்டும். நார் விடாது. கோடாலியைக் கவ்விக்கொள்ளும்.

ஓரத்தில் போட்டால் கதை வேறு. பட்டையிலிருந்து நான்கு விரல் உள்ளே, வட்டத்தின் ஓரத்துக்கு இணையாக வெட்டு விழ வேண்டும். மையத்தைப் பார்த்து அல்ல. அப்போது விரிசல் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் ஓடும். ஓர் அடுக்குக்குள் நார் எல்லாம் ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. அதனால் எதிர்ப்பு குறைவு. தவிர, வெளியே வரும் சிராய் மெல்லிசு, வளைந்து கொடுத்துக்கொண்டே கழன்றுவிடும். வெளிறு என்கிற வெளிமரம் கழிந்தால் வைரம் என்கிற உள்மரம் தனியாக நிற்கும். வெளிறு மஞ்சள் கலந்த வெளுப்பு, வைரம் கரும்பழுப்பு. வாகையில் அந்தக் கோடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். முதல் சுற்றுக்கு அந்தக் கோட்டையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வாடியில் ஒரு பெரியவர் உடைப்பார். பேர் வேண்டாம், இப்போது அவர் இல்லை. துண்டை அவர் ஒருநாளும் திருப்பி நான் பார்த்ததில்லை. அவர்தான் துண்டைச் சுற்றி வருவார். கோயிலில் பிரகாரம் வருகிற மாதிரி, ஒரு வெட்டு, ஒரு எட்டு. வெட்டுவதற்கு முன் குந்தி உட்கார்ந்து மேல்முகத்தை உள்ளங்கையால் துடைப்பார். அறுத்த தூள் போனதும் மையத்திலிருந்து ஓரத்துக்கு ஓடும் மயிரிழை வெடிப்புகள் தெரியும். கட்டைவிரல் நகத்தால் அவற்றைத் தொட்டுக்கொண்டே போவார். நகம் இறங்குகிற வெடிப்பு எது என்று பார்ப்பார். அப்புறம் கணு. பக்கத்தில் கிளை முளைத்த இடம் மேல்பக்கம் இருந்தால் துண்டைக் கடப்பாரையால் தலைகீழாகப் புரட்டச் சொல்வார். கணு கீழே போக வேண்டும். சுத்தமான முகத்தில்தான் முதல் வெட்டு. சுற்றி முடித்தால் பட்டையும் வெளிறும் தாமரை இதழ் மாதிரி சாய்ந்து கிடக்கும், நடுவில் ஓரடி அகலத்துக்கு ஒரு வைரக்கட்டை நிற்கும். 120 கிலோ இப்போது 30 கிலோ. அதில் நகம் இறங்கிய வெடிப்பின் மேல் கோடாலியைப் போடுவார். அப்போதுதான் நடு வெட்டு.

நீங்களும் இப்படியே செய்யுங்கள். முதல் சுற்று ஓரம், இரண்டாம் சுற்று அதற்கு உள்பக்கம், கடைசியில் நடு. ஒரு துண்டுக்கு 12, 15 வெட்டு ஆகலாம். எண்ணிக்கை கூடினாலும் ஒவ்வொரு வெட்டும் லேசாக இருக்கும், மாட்டாது. மாட்டாத 15 வெட்டு, மாட்டுகிற மூன்று வெட்டை விட இடுப்புக்கு எவ்வளவோ மேல்.

இதோடு ஒரு சைக்கிள் டியூபைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய டியூபை வால்வு பக்கத்தில் அறுத்து நீளமாக்கி, துண்டின் பாதி உயரத்துக்குக் கீழே இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுங்கள். இரண்டடி அகலத் துண்டின் சுற்றளவு ஆறேகால் அடி வரும், பெரிய சைக்கிள் டியூபை இழுத்தால் சரியாக எட்டும், இல்லையென்றால் இரண்டைச் சேர்த்து முடியுங்கள். சிராய்கள் கழன்றாலும் விழாது, அங்கேயே நிற்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் குனிந்து பொறுக்கி, மறுபடி நிறுத்தி, மறுபடி குனிய வேண்டாம். ஒரு துண்டுக்கு 20 தடவை குனிவது மிச்சம். 11 துண்டுக்கு 220. சின்னத் துண்டுகளுக்குப் பழைய கார் டயரை அடிக்கட்டை மேல் போட்டு, அதற்குள் நாலைந்தைச் சேர்த்து நிறுத்தி உடைக்கலாம். கோடாலி தவறினாலும் டயரில் விழும், காலுக்கு வராது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு டீக்கடைக்காரர். கஜாவுக்குப் பிறகு நான் கற்றவற்றில் இதை ரொம்ப மதிக்கிறேன்.

கோடாலி விஷயம். உங்களிடம் இருப்பது மரம் வெட்டும் கோடாலியாக இருக்கும், கன்னம் மெல்லிசு. அது நாரைக் குறுக்கே அறுக்க வந்தது. பிளப்பதற்கு வாய் கொஞ்சம் மொண்ணையாக, கன்னம் தடித்து, ஆப்பு மாதிரி இருப்பதுதான் வேண்டும். கொல்லுப்பட்டறையில் 'பிளக்கிற கோடாலி' என்று சொன்னால் செய்து கொடுப்பார்கள். எடை இரண்டரை கிலோ போதும். கனமான கோடாலி நன்றாகப் பிளக்கும் என்று நினைத்து நாலு கிலோ வாங்காதீர்கள். எடை இரண்டு மடங்கானால் அடியின் சக்தி இரண்டு மடங்குதான். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. கனமான கோடாலியைத் தலைக்கு மேல் கொண்டுபோவதற்குள் பலம் போய்விடும், வேகம் எங்கிருந்து வரும்? காம்பு தரையில் ஊன்றினால் உங்கள் இடுப்பெலும்பு வரை வர வேண்டும், ஏறக்குறைய மூன்றடி. குட்டைக் காம்பு இரண்டு வகையில் கெடுதல். குனிய வைக்கும், தவறினால் நேராக முழங்காலுக்கு வரும். தலை ஆடுகிறதா என்று தினமும் பாருங்கள். ஆடினால் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது நம் ஊர்ப் பழக்கம். அது அன்றைக்கு மட்டும்தான். காய்ந்ததும் முன்னை விட அதிகமாக ஆடும். ஆப்பை எடுத்துப் புதிதாக இறுக்குங்கள்.

வீசும் முறையைச் சொல்கிறேன். கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, துண்டுக்கு நேர் எதிரே நில்லுங்கள். ஒரு காலை முன்னால் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் திருகி வெட்டாதீர்கள். வலது கை கோடாலித் தலைக்குக் கீழே, இடது கை காம்பு நுனியில். தூக்கும்போது தலை உடம்பை ஒட்டியே ஏற வேண்டும், முகத்துக்கு முன்னால், கிணற்றிலிருந்து வாளியை இழுத்துத் தூக்குகிற மாதிரி. முதுகுக்குப் பின்னால் தொங்கவிடாதீர்கள். அப்படி விட்டால் இடுப்பு பின்பக்கம் வளைந்து, அதே வேகத்தில் முன்பக்கம் மடங்கும். உச்சியில் வந்ததும் வலது கையைக் காம்பில் வழுக்கி இடது கையோடு சேருங்கள். கோடாலி தன் எடையில் இறங்கட்டும், நீங்கள் வேகத்தைக் கூட்டிவிட்டால் போதும். வெட்டு மரத்தைத் தொடும் நேரத்தில் முழங்கால் மடங்க வேண்டும், இடுப்பு மடங்கக் கூடாது. பாதி நாற்காலியில் உட்காருகிற மாதிரி. அப்போது கோடாலி நேர்கீழாக இறங்கும். இடுப்பை மடித்தால் அது வளைந்து காலைப் பார்த்து வரும். இடுப்பைக் காப்பாற்றுகிற அதே பழக்கம் காலையும் காப்பாற்றுகிறது. கண் வெட்டுகிற இடத்தில் மட்டும் இருக்கட்டும், கோடாலித் தலையைப் பார்க்காதீர்கள்.

காலில் செருப்போடு நிற்காதீர்கள், முன்பக்கம் கெட்டியான ஷூ போடுங்கள். வேட்டி, லுங்கி என்றால் தூக்கிக் கட்டுங்கள். சுற்றிலும் பத்தடிக்குக் குழந்தைகள் வரக்கூடாது.

கோடாலி மாட்டிக்கொண்டால்? இதுதான் உங்கள் இடுப்பைக் கடைசியாக முறித்த விஷயம். பிடுங்காதீர்கள். பக்கவாட்டில் ஆட்டினால் காம்பும் போகும், முதுகும் போகும். காம்பின் நுனியை உள்ளங்கையால் மேலிருந்து கீழாக இரண்டு தட்டு, கீழிருந்து மேலாக இரண்டு தட்டு. பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் கோடாலியை அப்படியே விட்டுவிட்டு, அந்த வெடிப்பிலேயே ஓரத்தில் ஓர் இரும்பு ஆப்பை இறக்குங்கள். வாய் திறந்ததும் கோடாலி தானாக விழும். கோடாலியின் முதுகில் சம்மட்டியால் மட்டும் அடித்துவிடாதீர்கள். காம்பு நுழையும் கண் விரிந்து தலை கழன்றுவிடும், இரும்புச் சில்லும் தெறிக்கும்.

உண்மையில் உங்கள் அடிமரத் துண்டுகளில் பாதிக்கு ஆப்பும் சம்மட்டியும்தான் சரி. இரண்டு ஆப்பு வேண்டும், ஒன்று போதாது. ஒன்று புதைந்துவிட்டால் அதை எடுக்க இன்னொன்று இருக்க வேண்டும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துத் தருவார். அதற்குமேல் புளி அல்லது கருவேல வைரத்தில் இரண்டு மர ஆப்பு நீங்களே சீவிக்கொள்ளலாம். இரும்பு ஆப்பு திறந்த வாயில் அதைச் சொருகினால் இரும்பு விடுபடும். சம்மட்டி ஆறு பவுண்டு, மிஞ்சினால் எட்டு. ஆப்பின் தலை அடி வாங்கி வாங்கிக் காளான் மாதிரி விரியும். அந்த ஓரம் உடைந்து தெறித்துக் கண்ணில் ஏறிய ஆளை நான் பார்த்திருக்கிறேன். விரிந்ததும் சாணைபிடித்து விடுங்கள், சம்மட்டி எடுக்கும்போதெல்லாம் கண்ணாடி போடுங்கள்.

ஆப்பு அடிக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதல் அடிகள் 'தொப், தொப்' என்று மொண்ணையாக விழும். ஆப்பு மரத்தைக் கவ்வியதும் ஓசை ஏறும், 'டிங்' என்று மணி மாதிரி வரும். அந்த மணி கேட்டதும் நிறுத்துங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா நில்லுங்கள். உள்ளே 'சிர்... சிர்' என்று நார் ஒவ்வொன்றாக விடுவது கேட்கும். ஆப்பு உள்ளே இருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது, மரம் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கிறது. எங்கள் பெரியவர் அந்த நேரத்தில்தான் வெற்றிலை போடுவார். மடித்து வாயில் போட்டு முடிப்பதற்குள் ஒரு விரல் அகலம் திறந்திருக்கும். பொறுமை இல்லாமல் மேலும் பத்து அடி அடிப்பவருக்கும் அதே விரல் அகலம்தான், அந்தப் பத்து அடியை இடுப்பு சும்மா சுமந்ததுதான் மிச்சம். திறந்த பிறகும் உள்ளே சில நார்கள் குறுக்கே பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றைக் கையால் பிய்க்கக் கூடாது. விரல் உள்ளே இருக்கும்போது ஆப்பு கழன்றால் வாய் மூடிக்கொள்ளும். கோடாலி நுனியால் அறுத்துவிடுங்கள்.

பவர் சாக்காரர் மறுபடி வருவார் என்றால் ஒன்றைக் கேளுங்கள். ஒவ்வொரு துண்டின் மேல்முகத்திலும் குறுக்கே இரண்டு, மூன்று அங்குல ஆழத்துக்கு ஒரு கோடு இழுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு நிமிடம் ஆகுமா? அந்தப் பள்ளத்தில் ஆப்பை நட்டால் துள்ளாமல் நிற்கும். பெரிய முறுக்கு மரம் என்றால் துண்டைப் படுக்கப் போட்டு, நார் ஓடும் திசையிலேயே இரண்டாக அறுத்துவிடச் சொல்லலாம். நீள நீளமாக நார்த் தூள் வந்து மெஷினின் வாயை அடைக்கும், அவர் கொஞ்சம் முணுமுணுப்பார், கூலியைக் கூட்டிக் கொடுங்கள். உங்கள் நான்கு நாள் படுக்கையை விட மலிவுதான். அடுத்த தடவை மரம் அறுக்கும்போது நீளத்தை மரத்தின் அகலத்துக்குத் தக்கபடி சொல்லுங்கள். அகலம் ஏற ஏற நீளத்தைக் குறைக்க வேண்டும். இரண்டடி அகல மரத்தை ஓரடிக்கு மேல் அறுக்கவே கூடாது. எடையும் மூன்றில் ஒரு பங்கு குறையும், பிளப்பதற்கு எதிர்த்து நிற்கும் நாரும் அதே அளவு குறையும். ரோட்டோரத்து மரம், பழைய புளியமரம் என்றால் அறுக்குமுன் ஆணி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விளம்பரத் தகடு அடித்த ஆணி, பேய் ஓட்ட அடித்த ஆணி எல்லாம் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். ஆணி இருக்கும் இடத்தைச் சுற்றி மரம் கருநீலமாகக் கறை பிடித்திருக்கும்.

ஈரத்தோடு உடைப்பதா, காயவிட்டா என்றும் பலர் கேட்பதுண்டு. நம் ஊர்க் கெட்டி மரங்களுக்கு என் பதில், ஈரத்தோடு. புளியும் தைலமரமும் ஒரு கோடை தாண்டினால் கல்லாகிவிடும். வாகையும் அப்படித்தான். முகத்தில் மயிரிழை வெடிப்பு தோன்றும் வரை இரண்டு மூன்று வாரம் விட்டால் போதும், வழி தெரியும், இறுகியும் இருக்காது. தென்னையைப் பற்றி இங்கே பேச வேண்டாம், அது நார்க்கட்டு. இந்த முறை எதுவும் அதற்கு ஒத்துவராது.

இனி உங்கள் உடம்பு. ஒரு வாரம் ஆகிவிட்டது, வலி குறைந்து நடமாட முடிகிறது என்றால் மெதுவாகத் தொடங்கலாம். ஆனால் படுக்கையிலிருந்து எழுந்ததும் கோடாலியைக் கையில் எடுக்காதீர்கள். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முள்ளெலும்பு வட்டுகள் தண்ணீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். காலையில் நாம் மாலையை விட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். பருத்த வட்டோடு குனிந்தால் அழுத்தம் கூடுதல். எழுந்து முதல் ஒரு மணி நேரம் குனிந்து சுமை எடுக்காமல் இருப்பது நல்லது. வாடியில் விடியற்காலையில் வருகிறவர்கள் வந்ததும் கோடாலியைத் தொட மாட்டார்கள். டீ குடிப்பார்கள், கட்டைகளைச் சுற்றி நடப்பார்கள், வாயைத் தீட்டுவார்கள். அவர்களுக்குக் காரணம் தெரிந்திருந்ததோ இல்லையோ, பழக்கம் சரியாக இருந்தது. நெடுநேரம் பஸ்ஸிலோ பைக்கிலோ உட்கார்ந்து வந்தவுடன் தொடங்குவதும் அதே மாதிரிதான் கெடுதல்.

20 நிமிடம் உடைத்தால் பத்து நிமிடம் நில்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பொறுக்கி அடுக்காதீர்கள், அது ஓய்வு ஆகாது. இடுப்பில் கைவைத்துப் பின்பக்கமாக மெல்ல நாலைந்து தடவை சாயுங்கள், தண்ணீர் குடியுங்கள். முதல் நாள் ஒரு துண்டு. மறுநாள் வலி இல்லையென்றால் இரண்டு. தோளில் போடும் துண்டை இறுக்கி இடுப்பில் கட்டிக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று சிலர் சொல்வார்கள். கதகதப்பாக, தெம்பாக இருக்கும், கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அது சுமையில் ஒரு கிலோவைக்கூடக் குறைக்காது. துண்டு கட்டிய தைரியத்தில் தூக்கியவர்கள்தான் வாடியில் அதிகம் படுத்தார்கள்.

அடுக்குவதையும் சொல்ல வேண்டும். உடைத்து முடித்த நிம்மதியில், களைத்த உடம்போடு, நூறு தடவை குனிந்து நிமிர்வோம். உடைக்கும்போது பிழைத்த இடுப்பு இங்கேதான் மாட்டும். ஒரு மணைக்கட்டையையோ முக்காலியையோ போட்டு உட்கார்ந்துகொண்டு, கைக்கெட்டிய சிராய்களை ஒற்றைச் சக்கர வண்டியில் எடுத்துப் போடுங்கள். எட்டாததை மூட்டை தூக்குகிறவர்களின் கொக்கியால் இழுத்துக்கொள்ளலாம். நின்றுதான் எடுக்க வேண்டும் என்றால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, கட்டையைத் தொடையோடு அணைத்து எழுந்திருங்கள். ஒரு கைக்கு ஒன்று என்று இரண்டு கையிலும் சமமாக எடுத்துப் போவது, இரண்டு கையாலும் ஒரு பெரிய அணைப்பைச் சுமப்பதை விட நல்லது.

இதையும் கவனமாகக் கேளுங்கள். இடுப்போடு நிற்கிற வலி பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். முழு நாளும் படுத்தே கிடக்காமல் முடிந்த அளவு நடமாடினால் சீக்கிரம் குறையும். ஆனால் வலி புட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே மின்சாரம் மாதிரி இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ, கால் கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை என்றாலோ வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவில் உணர்ச்சி இல்லை என்றாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் என்று தள்ளக் கூடாது. இந்த மாதிரி இருக்கும்போது சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் முதுகில் கால் வைக்க விடாதீர்கள். எங்கள் வாடியில் உடைத்த ஒருவருக்கு அப்படி மிதித்த பிறகு கால் இழுத்துக்கொண்டே போனது. அதைப் பார்த்ததிலிருந்து நான் இதை யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

11 துண்டில் எதிலிருந்து தொடங்குவது? நுனிப்பக்கத் துண்டுகளை முதலில் எடுங்கள், அங்கே நார் நேராக இருக்கும், கை பழகும். வேருக்கு மேலே இருந்த இரண்டு துண்டையும், கிளை பிரிந்த கவைத் துண்டையும் கடைசிக்கு வையுங்கள். கவையில் நார் சடைபின்னிய மாதிரி இருக்கும். நானாக இருந்தால் அதைக் கோடாலியால் தொடவே மாட்டேன், பவர் சாவில் நாலாக அறுத்துக் கரிமூட்டம் போடுகிறவருக்குக் கொடுத்துவிடுவேன். வேர்ப்பக்கத் துண்டு இரண்டில் எது அதிகம் முறுக்கியிருக்கிறதோ அதை உடைக்காமல் நிழலுக்கு உருட்டிக்கொண்டுபோய், அங்கேயே நிமிர்த்தி வையுங்கள். மற்ற துண்டுகளிலிருந்து கழன்ற சிராய்களைச் சின்னதாக உடைக்க உங்களுக்கு ஒரு நல்ல அடிக்கட்டை வேண்டும். இப்போது வைத்திருப்பது இரண்டு மழையில் உளுத்துவிடும், இந்த வாகை உங்கள் பிள்ளை காலம் வரைக்கும் கிடக்கும்.